காப்பி வேண்டாம் என்னும் விருந்தாளிகள்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலம் பக்கம் போனால் காப்பித் தோட்டங்களைப் பார்க்கலாம். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து ஊன்றினார். அன்று முதல் மலைக்கு அதுவே பிழைப்பு. வருகிறவர்களுக்கு அதுவே உபசாரம். வாசலில் யார் வந்து நின்றாலும், "வாங்க கண்ணு, உட்காருங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார்கள்.

அப்படிச் சொல்லும்போது, வெள்ளைச் சட்டையும் கழுத்தில் டையும் அணிந்த இரண்டு வாலிபர்கள் கைகூப்பி, "வேண்டாங்க அம்மா, நாங்கள் காப்பி குடிப்பதில்லை" என்றால் எப்படி இருக்கும்? டீ தரலாம் என்றால் அதுவும் கூடாது. புகையிலை, மது ஆகியவற்றை எடுத்துச் சொல்லவே வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்பார்கள்!

இவர்கள்தான் மார்மன் மிஷனரிகள். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது இவர்களுடைய சபையின் முழுப் பெயர். 1830-ம் வருஷம் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. காப்பி, டீ கூடாது என்ற கட்டளை 1833-ம் வருஷத்தது என்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இந்தச் சபைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது பலரும் அறியாத சரித்திரம்.

பதினெட்டு வயது மூப்பர்!

மிஷனரி என்றதும் நமக்கு ஓர் உருவம் மனத்தில் எழும். நீண்ட அங்கி, நரைத்த தாடி, தமிழைக் கற்றுத் தேர்ந்த நாக்கு, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் அல்லது ஆஸ்பத்திரி. ஏற்காட்டில் 1917-ம் வருஷம் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி அந்த வகையைச் சேர்ந்தது. துறவறம் பூண்ட சகோதரர்கள் வந்தார்கள், கட்டினார்கள், தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

மார்மன் மிஷனரி இதற்கு நேர்மாறு. அவன் துறவி அல்ல. குருமடத்தில் படித்தவனும் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்த பையன். முன்பெல்லாம் 19 வயது ஆக வேண்டும். 2012-ம் வருஷம் முதல் ஆண்களுக்கு 18 போதும் என்று மாற்றினார்கள். ஆணுக்கு 2 வருஷம், பெண்ணுக்கு 18 மாதம். அது முடிந்ததும் வீடு திரும்பி, படித்து, வேலை தேடி, கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதான். இந்த இரண்டு வருஷமும் அவனை 'எல்டர்' என்று அழைக்கிறார்கள். மூப்பர் என்று பொருள். மீசை சரியாக முளைக்காத மூப்பர்!

சம்பளம் கிடையாது. செலவைத் தானும் தன் குடும்பமுமே ஏற்க வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து புறப்படுகிறவர்கள் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு 12,000 டாலர். இதற்காகச் சிறு வயதிலிருந்தே காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு. வசதி குறைந்த நாட்டு இளைஞர்களுக்குச் சபையின் நிதி கைகொடுக்கிறது.

எந்த நாட்டுக்குப் போவது? அதை அவன் தேர்ந்தெடுக்க முடியாது. சபைத் தலைவரின் பெயரில் உத்தரவு வரும். பிரேசிலாக இருக்கலாம், பின்லாந்தாக இருக்கலாம், பெங்களூராகவும் இருக்கலாம்.

பணப்பை இல்லாப் பிரயாணம்

சென்னைப் பட்டினத்துக்கு முதல் மார்மன் மிஷனரிகள் வந்தது 1853-ம் வருஷம். ரயில் வராத சென்னை. கம்பெனி ஆட்சிக் காலம்.

அதற்கு முந்திய வருஷம் ஆகஸ்டு மாதம் சால்ட் லேக் நகரத்தில் சபையின் விசேஷ மகாநாடு கூடியது. உலகின் பல பாகங்களுக்கும் போக வேண்டியவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும்! அவர்களில் ஒருவர் ரிச்சர்டு பாலன்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மனைவி மக்கள் உள்ளவர், அப்போது வயது 35. 1849-ம் வருஷம் சால்ட் லேக்கில் குழந்தைகளுக்காக முதல் ஞாயிறு பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தியவர். "இந்தியாவுக்குப் போ" என்று அவருக்கு உத்தரவாயிற்று.

பணமும் பையும் இல்லாமல் போக வேண்டும், கடவுள் படியளப்பார் என்பது அந்தக் காலத்து விதி. பாலைவனம் கடந்து கலிபோர்னியா சேர்ந்தார்கள். அங்கே கப்பல் கட்டணத்துக்குப் பணம் திரட்டினார்கள். 13 பேர் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி, ஏறக்குறைய மூன்று மாதம் கடலில் கழித்து, 1853 ஏப்ரல் கடைசியில் கல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கிருந்து ஆளுக்கொரு திசை. சிலர் பர்மாவுக்கு, ஒருவர் சயாம் தேசம் வரை. இருவர் இலங்கைக்குப் போனார்கள். அங்கே ஆதரவு கிட்டாமல் சீக்கிரமே பம்பாய்ப் பக்கம் திரும்பினார்கள். பாலன்டைனும் ராபர்ட் ஸ்கெல்டன் என்ற இளைஞரும் ஜூலை மாதம் சென்னைக் கரையில் இறங்கினார்கள்.

சென்னையில் ஒரு வருஷம்

வந்து இறங்கியபோதே வம்பும் கூட வந்து இறங்கியது. அவர்களை அனுப்பிய அதே மகாநாட்டில்தான், பலதார மணம் தங்கள் சபையில் உண்டு என்று மார்மன்கள் பகிரங்கமாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் அந்தச் செய்தியைச் சுமந்து உலகெங்கும் போய்விட்டன. உபதேசம் பேச வாய் திறந்தால், "உங்களுக்கு எத்தனை மனைவி?" என்ற கேள்விதான் முதலில் வரும். எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளிவந்தன. பாலன்டைனும் பதில் பிரசுரங்கள் அச்சிட்டார். 1854-ம் வருஷம் சென்னையிலேயே ஒரு மாதப் பத்திரிகையும் நடத்திப் பார்த்தார். (பலதார மணத்தைச் சபை கைவிட்டதாக அறிவித்தது 1890-ம் வருஷத்தில்.)

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அன்றைய இந்தியாவில் வெள்ளைக்காரர் என்றால் பல்லக்கு, குதிரை வண்டி, வேலைக்காரர் கூட்டம். கால்நடையாக வெயிலில் நடந்து, யாராவது சோறு போடுவார்களா என்று பார்க்கும் வெள்ளைக்காரரை எந்த இனத்தில் சேர்ப்பது? துரைமார்கள் அருகில் சேர்க்கவில்லை. பல ராணுவக் குடியிருப்புகளில் பிரசங்கிக்க அனுமதி கிடைக்கவில்லை. நாட்டு மக்களிடம் போக மொழி தெரியாது. தெரிந்த இடத்திலும், "சபையில் சேர்ந்தால் வேலை உண்டா, சம்பளம் உண்டா?" என்று கேட்டால் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. அமெரிக்கக் கிராமத்தில் செல்லுபடியான ஏழ்மை இங்கே செல்லாக் காசாயிற்று!

சென்னையில் சபையில் சேர்ந்தவர்கள் சொற்பம். உடம்பு சீர்கெட்ட பாலன்டைன், சரியாக ஒரு வருஷம் கழித்து 1854 ஜூலையில் கப்பலேறினார். ஸ்கெல்டன் தனியாகத் தங்கிப் போராடிவிட்டுக் கல்கத்தா போய், 1856-ல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அந்த வருஷத்தோடு அமெரிக்கர்கள் எல்லோருமே புறப்பட்டுவிட்டார்கள்.

கணக்குப் பார்த்தால் இது தோல்விதான். ஆனால் பாலன்டைன் ஊர் திரும்பும் வழியில் சும்மா இருக்கவில்லை. 1855-ல் குடியேறிகள் கூட்டம் ஒன்றைத் தலைமை தாங்கி, அமெரிக்கச் சமவெளி முழுவதையும் கடந்து சால்ட் லேக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்று வருஷம் கழித்துத்தான் குழந்தைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

கோயமுத்தூரில் கிடைத்த காகிதம்

பிறகு சுமார் நூறு வருஷம் தமிழ்நாட்டில் மார்மன் பேச்சே இல்லை எனலாம். 1954-ம் வருஷம் கோயமுத்தூர் பக்கத்தில் எஸ். பால் திருத்துவதாஸ் என்பவர் கையில் இந்தச் சபையின் பழைய பிரசுரம் ஒன்று அகப்பட்டது. படித்தார், அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். கடிதப் போக்குவரத்து வருஷக்கணக்கில் நடந்தது. 1965-ம் வருஷம்தான் ஞானஸ்நானம் பெற்றார். மிஷனரி தேடி வந்து மாற்றியவர் அல்ல; தாமே மிஷனரியைத் தேடியவர்! கோயமுத்தூரைச் சுற்றிய கிராமங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களும் நடத்தினார்.

1978 டிசம்பரில் எட்வின் தர்மராஜு என்பவர் மனைவியுடன் சமோவாத் தீவிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தார். சொந்தக்காரர்களிடமே உபதேசம் செய்தார். 22 பேர் சேர்ந்தார்கள். 1993-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு மிஷன் அமைந்தது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் கணிதப் பேராசிரியராக இருந்த குர்சரண் சிங் கில் அதன் முதல் தலைவர். 2020 டிசம்பரில் பெங்களூரில் கோயில் கட்ட நிலம் தோண்டினார்கள். மார்மன் புஸ்தகம் தமிழிலும் அச்சாகியிருக்கிறது.

வெளிநாட்டவர் மதப்பணிக்காக இந்தியா வரவேண்டுமானால் அதற்கென்றே தனி விசா வாங்க வேண்டும். அதனால் வெளிநாட்டவர் மட்டுமே இந்தப் பணி செய்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இந்திய வாலிபர்களும் பெண்களும் இதில் உண்டு. ராஜமுந்திரிப் பையனுக்குச் சென்னையும் அந்நிய ஊர்தானே?

காலை ஆறரை மணி

நாள் எப்படிக் கழிகிறது? பல வருஷம் உலகம் முழுவதும் ஒரே அட்டவணைதான். காலை 6-30-க்கு எழுந்திருக்க வேண்டும். அரை மணி தேகப்பயிற்சி. குளியல், காலை உணவு. பிறகு வேதப் படிப்பு. தனியாக ஒரு மணி, கூட்டாளியோடு ஒரு மணி. வேற்று மொழி பேசும் ஊரானால் மொழிப் பாடமும் உண்டு. பிறகு வெளியே போனால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் அறைக்குத் திரும்புவது. 10-30-க்கு விளக்கணைப்பு. 2017 முதல் அந்தந்த நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப நேரத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றிக்கொள்ளலாம் என்று இளக்கம் காட்டினார்கள்.

வாரத்தில் ஒரு நாள் 'தயாரிப்பு நாள்'. அன்றுதான் துணி துவைப்பது, முடிவெட்டுவது, கடைக்குப் போவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம். சமையலும் சொந்தப் பொறுப்பு. வீட்டில் காப்பி டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத பையன் (மார்மன் வீட்டில் காப்பி டம்ளரே இராது என்பது வேறு விஷயம்!) அரிசி களைந்து உலை வைக்கக் கற்றுக்கொள்கிறான்.

சினிமா இல்லை. காதல் இல்லை. கறுப்பு நிறப் பெயர்ச்சீட்டை மார்பில் குத்திக்கொண்டே வெளியே போக வேண்டும்.

இவற்றையெல்லாம் விடக் கடினமானது கூட்டாளி விஷயம். எப்போதும் இருவராகவே இருக்க வேண்டும். தனியே போகக் கூடாது. அந்த இன்னொருவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. அவன் குறட்டை விடுகிறவனாக இருக்கலாம், கோபக்காரனாக இருக்கலாம். கல்யாணமானவர்களுக்காவது கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வழி உண்டு! இவர்களுக்கு அடுத்த மாற்றல் உத்தரவு வரும் வரை வழி இல்லை.

வீட்டு நினைவு

நெடுங்காலம் இவர்கள் பெற்றோருடன் டெலிபோனில் பேசலாம் என்பது வருஷத்தில் இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அக்காள் கல்யாணத்துக்குக்கூட ஊருக்குப் போகும் வழக்கம் இல்லை. 2019 பிப்ரவரியில்தான், வாரம் ஒரு முறை பேசலாம் என்று சபை அனுமதித்தது. எத்தனை தாய்மார்கள் அன்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

பிற்காலத்தில் சபைக்கே தலைவரான கார்டன் ஹிங்க்லி, 1933-ல் இங்கிலாந்துக்கு மிஷனரியாகப் போனார். உபதேசம் கேட்க ஆள் இல்லை, உடம்பும் சரியில்லை. என் நேரமும் உங்கள் பணமும் வீணாகின்றன என்று தகப்பனாருக்கு எழுதினார். தந்தையிடமிருந்து வந்த பதில் மிகச் சுருக்கம்: உன்னைப் பற்றிய நினைப்பை விட்டுவிட்டு வேலையைப் பார் என்பதே அதன் சாரம்.

2012-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நின்ற மிட் ராம்னியும் இப்படிப் போனவர்தான். மிச்சிகன் ராஜ்ய கவர்னரின் மகன். 1966 முதல் இரண்டரை வருஷம், திராட்சை மதுவுக்குப் பேர்போன பிரான்சில், மது கூடாது என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தார்! சாத்திய கதவுகளே அதிகம். 1968 ஜூனில் அவர் ஓட்டிய மோட்டார் மீது இன்னொரு வண்டி மோதியது. உடன் வந்த மிஷன் தலைவரின் மனைவி மாண்டார். ராம்னியும் இறந்துவிட்டதாகவே முதலில் நினைத்தார்கள். பிழைத்து எழுந்தவர், ஊருக்கு ஓடவில்லை. மிச்சக் காலத்தையும் முடித்தார்.

எல்லோராலும் அப்படி முடிவதில்லை. உடல் நோயாலோ மன நோயாலோ பாதியில் திரும்புகிறவர்கள் உண்டு. ஊரார் கேள்விக்குப் பயந்து தலைகுனிந்து நிற்கும் அந்தப் பிள்ளைகளை எப்படி ஏற்றுக்கொள்வது என்பது இன்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே பேசப்படும் கவலை.

யார் மாறுகிறார்கள்?

பிறர் மதத்தை மாற்ற வீடு தேடி வருவது நம் நாட்டில் எல்லோருக்கும் உவப்பான காரியம் அல்ல. மறுத்துச் சொல்ல வீட்டுக்காரருக்கு முழு உரிமை உண்டு. கேட்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுக்கவே செய்கிறார்கள் என்பது இந்த இளைஞர்களுக்கும் தெரியும். 2024 இறுதியில் உலகெங்கும் 70,000-க்கு மேற்பட்டோர் இந்தப் பணியில் இருந்தார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் கேட்கும் 'வேண்டாம்' எத்தனை!

ஆனால் இரண்டு வருஷம் முடிந்து திரும்பும்போது நிச்சயமாக மாறியிருப்பவன் ஒருவன் உண்டு. அது அந்தப் பையனேதான். தன் துணியைத் தானே துவைத்திருக்கிறான். பிடிக்காத கூட்டாளியோடு ஒரே அறையில் காலம் தள்ளியிருக்கிறான். அந்நிய மொழியில் தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறான். சாத்திய கதவின் முன் கோபப்படாமல் நின்றிருக்கிறான். அன்போடு நீட்டிய காப்பியை, நீட்டியவர் மனம் நோகாமல் மறுக்கவும் பழகியிருக்கிறான்.

அந்தக் கடைசி வித்தையைக் கற்க இரண்டு வருஷம் போதுமா என்பதுதான் சந்தேகம்!