டேஷ்போர்டு வெடிப்பும் அதைச் சீர்செய்யும் முறையும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள் பெரியவர்கள். இம்மொழி மனிதனுக்கு மட்டுமன்று, மோட்டார் காருக்கும் பொருந்தும். சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டைத் தெருவொன்றில் நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் பழைய காரின் உள்ளே எட்டிப் பாருங்கள். இன்ஜின் நன்றாக இருக்கும், வெளிப்பூச்சும் பளபளக்கும், ஆனால் முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு மட்டும் வெடித்துக் கிடக்கும். இது ஏன் நேர்கிறது, எவ்வாறு சீர்செய்வது, எப்போது மாற்றுவது என்பவற்றை இங்கே காண்போம்.

பெயரும் பொருளும்

டேஷ்போர்டு என்னும் சொல் காரோடு பிறந்ததன்று. குதிரை வண்டிக் காலத்தில், குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமல் தடுக்க முன்னால் வைத்த பலகைக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் அது. குதிரை போயிற்று, பலகையும் பெயரும் நிலைத்தன. பின்னர் ஸ்பீடோமீட்டர் முதலிய கருவிகள் அதில் இடம்பிடித்தன.

தொடக்கத்தில் இப்பலகை மரத்தாலோ, பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டாலோ ஆனது. நம் ஊரில் நெடுநாள் ஓடிய பியட் 1100 காரில் தகடே பெரும்பகுதி. தகடு துருப்பிடிக்கும், வெடிக்காது. ஆனால் விபத்தில் தலை மோதினால் ஆபத்து மிகுதி. அமெரிக்காவில் ரால்ப் நாடர் 1965இல் வெளியிட்ட நூலில் காரின் உட்புறத்தால் பயணிகளுக்கு நேரும் காயங்களையும் எடுத்துக்காட்டினார். 1968 ஜனவரி முதல் அங்கே காரின் உட்புறம் மோதலைத் தாங்குவதற்கான விதி நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு, மேலே பி.வி.சி. தோல், உள்ளே மெத்தென்ற ஃபோம், அடியில் தகடு என்னும் மூன்றடுக்கு டேஷ்போர்டு பரவியது. வெடிப்பு நோய் இந்த வகைக்கே உரியது.

வெடிப்பது ஏன்?

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திற்குத் தெற்கே சாகுபுரம் தொழிற்சாலையில் பி.வி.சி. பிசின் தயாராவதை நம்மில் பலர் அறிவோம். அப்பிசின் இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தால் தெரியும். 1926இல் வால்டோ செமன் என்னும் அமெரிக்க வேதியியலார், கொதிநிலை மிகுந்த ஒரு திரவத்தோடு அதைச் சேர்த்துச் சூடாக்கியபோது ரப்பர்போல் வளையும் பொருள் கிடைத்தது. இவ்வாறு சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருளை இளக்கி எனலாம். அது பிசினோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை. இடையிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவே. சூடு ஏற ஏற அது ஆவியாகி வெளியேறும். வெயிலில் நின்ற காரின் முன்கண்ணாடியை உட்புறம் துணியால் துடைத்தால் பிசுபிசுப்பாக ஒட்டுவதில் இந்த இளக்கியும் உண்டு.

கோடையில் குளம் வற்றினால் கரம்பை பாளம் பாளமாக வெடிப்பதைக் கண்டிருக்கிறோம். நீர் போனதும் மண் சுருங்குகிறது. சுருங்க இடமின்றி வெடிக்கிறது. டேஷ்போர்டின் கதையும் அதுவே. இளக்கி போனதும் தோல் சுருங்கும். ஆனால் ஓரங்கள் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால் இழுவிசை மிகும். காற்று வரும் துளை, ஸ்பீக்கர் துளை ஆகியவற்றின் மூலைகளில் முதல் கீறல் தோன்றும்.

சூடு எவ்வளவு? அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வெளிவெப்பம் 38 டிகிரி செல்சியசைத் தாண்டிய நாட்களில் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு ஒரே மணி நேரத்தில் சராசரியாக 69 டிகிரியை எட்டியது. நிழலில் நின்றவற்றில் சுமார் 48 டிகிரிதான். நெல்லையின் கோடையும் அதற்கு அதிகம் இளைத்ததன்று.

சீர்செய்தல்

கீறல் ஒன்றிரண்டாகவும், தோல் இன்னும் வளைவதாகவும் இருந்தால் சீர்செய்யலாம்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்பு சோப்பு நீரால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். பாலிஷ் எண்ணெய் சிறிது இருந்தாலும் எதுவும் ஒட்டாது. கீறலின் இரு முனையிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. மேல்நோக்கிச் சுருண்ட ஓரங்களைக் கூரிய கத்தியால் சரிவாகச் சீவிவிட வேண்டும். உள்ளே ஃபோம் உதிர்ந்திருந்தால் புது ஃபோம் நிரப்பி, அதன்மேல் காய்ந்தபின்னும் வளையக்கூடிய இருகலவைப் பூச்சை மெல்லிய அடுக்குகளாக இட வேண்டும். 180, பின் 320 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து, வினைல் பெயின்டைப் பளபளப்பில்லாமல் அடிக்க வேண்டும். பளபளத்தால் முன்கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிங்கர் வேலைக்குரிய பட்டியையோ எம்-சீலையோ இட்டு அடைப்பது எளிது, மலிவும்கூட. ஆனால் அது கல்லாக இறுகும். அடுத்த கோடையில் அதன் ஓரத்திலேயே புதுக் கீறல் வரும். அதனினும் தீயது, மோதும் தலையைக் காக்கவேண்டிய மெத்தை அந்த இடத்தில் கல்லாகிவிடுவது. அழகுக்காக உயிர்க்காப்பை இழப்பது அறிவுடைமையன்று. ஏர்பேக் பொருத்திய கார்களில் இவ்வேலையைத் தொடவே கூடாது. அதன் மூடிமேல் எதை ஒட்டினாலும் உரிய நேரத்தில் பை விரியாமல் போகலாம்.

மாற்றுதல்

தோல் முழுவதும் மொறுமொறுவென்று நொறுங்கினால் மாற்றுவதே வழி. ஆனால் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. கான்டெஸா 2002இலேயே நின்றது. புதுப் பலகை கிடைப்பது அரிது. பழைய உதிரிக் கடையில் கிடைப்பதும் அதே வெயிலைத் தின்றதாக இருக்கலாம். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கினாலன்றி வாங்க வேண்டாம்.

மற்றொரு வழி நம் சீட் கவர் தைப்பவரிடமே இருக்கிறது. பழைய தோலை உரித்து, ஃபோமைச் சீராக்கி, ரெக்சினை இளஞ்சூட்டில் இழுத்து ஒட்டி, வளைவுகளில் தையலிட்டு அவரால் புதுப்பிக்க முடியும். அதற்குப் பலகையைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, கழற்றும் நிலைகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் மீண்டும் பூட்டுவதில் குழப்பம் நேராது.

வருமுன் காத்தல்

எம்முறையில் சீர்செய்தாலும் கார் மறுபடி வெயிலில் நின்றால் செலவு வீணே. ஆற்றங்கரை மருதமர நிழல் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் தாமிரபரணிக் கரைக் கோரையில் பாய் முடையும் பத்தமடை நம் அருகிலேயே உள்ளது. பட்டுப்பாய் வேண்டியதில்லை, சாதாரணக் கோரைப்பாய்த் துண்டொன்றை, நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்கு உட்புறம் சாத்தினாலே நேர்வெயில் டேஷ்போர்டில் படாது. ஓட்டப் புறப்படும்போது அதை எடுத்துவிட மறக்கக்கூடாது. கண்ணாடிக் கதவை விரற்கடை இறக்கி வைத்தால் உள்வெப்பமும் சிறிது குறையும்.

பழைய கார் வைத்திருப்போர் வீட்டில் இருப்பின், மாணவ நண்பர்கள் வரும் கோடை விடுமுறையில் முதலில் செய்யவேண்டியது பெயின்ட் வாங்குவதன்று. அந்தப் பாய்த்துண்டைத் தேடி எடுப்பதே.