பால் வடியும் மூன்று மரங்கள்

திருவண்ணாமலையில் வீட்டுத் தோட்டம் போட ஆசைப்படுகிறவர் முதலில் போய் நிற்பது சாலையோர நர்சரியில்தான். பூத்துக் குலுங்கும் ரோஜாவை வாங்கி வருவார். சித்திரை வெயிலில் அது கருகும். ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று அதோடு விட்டுவிடுவார். கைராசியில் குறை ஒன்றுமில்லை. செடி வாங்குவதற்கு முன்னால் ஊரில் நிற்கும் மரங்களை நாலு நாள் பார்த்திருக்கலாம். பெயர்ப்பலகை மாட்டி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருணாசலேசுவரர் கோயிலில் மகிழ மரம், ரமணாசிரம முற்றத்தில் இலுப்பை, வீட்டுக் கொல்லையில் சப்போட்டா. தோட்டக்கலையின் முதல் பாடங்களை இந்த மூன்றிலேயே படித்துவிடலாம்.

மூன்றும் ‘சப்போட்டேசியே’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொல்லையில் ஒரு சப்போட்டா இலையைக் கிள்ளினால் காம்பில் வெள்ளைப் பால் துளிர்க்கும். மகிழத்திலும் இலுப்பையிலும் அதே பால் உண்டு. சப்போட்டாவின் தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும். அதன் பட்டையைக் கீறி எடுத்த பாலைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்துச் சூயிங்கம் செய்தார்கள். மற்ற இரண்டும் நம் மண்ணின் மரங்கள்.

கோயிலின் தல விருட்சம் மகிழம். அந்த மரத்தருகே நின்றால் ஒன்பது கோபுரங்களும் தெரியும் என்று வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுவார்கள். அண்ணாந்து பார்க்கிற அவசரத்தில் காலடியில் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. கீழே உதிரும் பூ காய்ந்த பிறகும் மணக்கும். ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும் பழம் மாவாக, லேசாகத் துவர்க்கும். உள்ளே பெரும்பாலும் ஒரே விதை: தட்டையாக, பழுப்பாக, தேய்த்து வைத்ததுபோல் பளபளக்கும். அதன் அடி நுனியில் சிறிய வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். விதை பழத்தோடு ஒட்டியிருந்த இடம் அது. இப்போது ஒரு சப்போட்டா விதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு விதை, தழும்போ வட்டமாக இல்லாமல் விளிம்போடு வெள்ளைக் கோடாக நீண்டு ஓடும். குடும்பம் ஒன்றானாலும் பேரினம் வேறு என்று தாவரவியலாளர்கள் பிரிப்பதற்கு இந்தத் தழும்பும் ஓர் அடையாளம். பூதக்கண்ணாடிகூட வேண்டாம், கண் போதும்.

ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் இலுப்பை இன்னொரு பாடம் சொல்லித்தரும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற பழமொழியில் வருவது இதன் பூதான். சதைப்பற்றுள்ள அந்தப் பூவைத் தேடி இரவில் வௌவால் வரும். விதையில் எண்ணெய் அதிகம். கோயில் விளக்குகளுக்கு இலுப்பெண்ணெய் ஊற்றிய காலம் உண்டு. ஆனால் இந்த விதையை டப்பாவில் போட்டு வைத்து ‘அப்புறம் விதைக்கலாம்’ என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உலர உலர அதன் முளைப்புத்திறன் போய்விடும். வேம்பும் அப்படியே: பழம் உதிர்ந்த சூட்டோடு சதையைக் கழுவி விதைத்துவிட வேண்டும். சரக்கொன்றை நேர்மாறு. அதன் விதைத்தோல் தண்ணீரை உள்ளே விடாது; ஓரத்தைச் சற்று உரசி, இரவு முழுக்க ஊறவைத்தால்தான் வழிக்கு வரும். எந்த விதை எந்த ரகம் என்று தெரியாமல் பூவாளியும் கையுமாக நிற்பதில் பயனில்லை.

இதையெல்லாம் பெரிய அளவில் செய்து காட்டுகிற இடம் மலை. மெல்லிய மண், அடியில் கருங்கல், கோடையில் சட்டென்று தீப்பிடிக்கும் மாந்தப்புல். அந்தச் சரிவுகளில் மரம் வளர்க்கும் முயற்சி 1980-களின் இறுதியில் தொடங்கியது. இன்று ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளை சுற்றுவட்டாரத்து மரங்களில் விதை பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் மலையேற்றி நடுகிறது. அந்த அறக்கட்டளை நடத்தும் மருதம் பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளும் நடவுக்குப் போகிறார்கள். மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் கைகொடுக்கும். ஆடியில் தொடங்கி ஐப்பசிக்குள் நட்ட கன்று, வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துவிடும். மாசியில் நட்டுவிட்டுக் குடம் குடமாக ஊற்றுவது வீண் பாடு.

சப்போட்டாவுக்கு வருவோம். விதை போட்டு வளர்த்தால் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும், பழமும் தாய்மரத்தைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒட்டுக்கன்று. ஆனால் எதன் மேல் ஒட்டுகிறார்கள்? நம் வறண்ட காடுகளில் வளரும் பாலை மரத்தின் நாற்றின் மேல். அதுவும் இதே குடும்பம்தான். மெதுவாக வளரும், பென்சில் கனம் வரவே ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும். ஆனால் வறட்சிக்கு அசையாத வேர். அந்த நாற்றைப் பையோடு சப்போட்டா மரத்துக்கிளை அருகே கட்டி, இரண்டிலும் விரல் நீளத்துக்குப் பட்டையைக் கொஞ்சம் கட்டையோடு சீவி, வெட்டுவாயோடு வெட்டுவாய் பொருந்த வைத்து இறுக்கிச் சுற்றுவார்கள். பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு இரண்டும் இணைய இரண்டு மூன்று மாதம் ஆகும். பிறகு ஒட்டுக்கு மேலே பாலையின் தலையையும், ஒட்டுக்குக் கீழே சப்போட்டாக் கிளையையும் படிப்படியாக அறுத்துவிடுவார்கள். அமெரிக்கக் கிளைக்குத் தமிழ்நாட்டுக் காட்டு வேர்! கொல்லைக்கென்று வாங்குகிறவர்கள், பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த பி.கே.எம். 1 ரகத்தைக் கேட்கலாம். ஓங்கி வளராத ரகம்.

நடும்போது ஒட்டு போட்ட இடம் மண்ணுக்கு மேல் 15 சென்டிமீட்டராவது தெரிய வேண்டும். அது மண்ணில் புதைந்தால் கன்று அழுகக்கூடும். அதற்குக் கீழே எது துளிர்த்தாலும் நகத்தால் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் பாலை தலையெடுத்து, மேலே உள்ள சப்போட்டாவைப் பட்டினி போட்டுவிடும். அப்புறம் அந்த மரத்தில் கோலிக்குண்டைவிடச் சிறிய மஞ்சள் பழங்கள்தான் காய்க்கும். இனிப்பாகத்தான் இருக்கும், சப்போட்டா என்று சொல்லி விருந்தாளிக்குக் கொடுக்கத்தான் முடியாது.