கையளவு கடலை, குடும்பத்துக்குப் பலம்

கூலி வாங்கிய கையோடு மளிகைக் கடைக்குப் போகிறோம். அரிசி, எண்ணெய், புளி, மிளகாய் வாங்குகிறோம். மிச்சம் இருக்கிற சில்லறைக்குப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்குகிறோம். கடை வாசலில் பளபளக்கும் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கண் முதலில் அங்கேதான் போகிறது.

அதே கடையின் உள்ளே மூட்டையிலும் டப்பாவிலும் வேறு சில பொருள்கள் இருக்கின்றன. பொட்டுக்கடலை, நிலக்கடலை, அவல், கேழ்வரகு, கம்பு. இவற்றுக்கு விளம்பரம் இல்லை. ஆனால் உடம்புக்கு வேண்டிய பலம் இவற்றில் இருக்கிறது.

வயிறு நிறைந்தால் போதுமா?

பசி வேறு. சத்துக் குறைவு வேறு. வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும் சத்துக் குறைவு வரும்.

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் ரேஷனில் கிடைக்கிறது. அரிசியும் கோதுமையும் பசியை ஆற்றும். வேலை செய்யத் தெம்பு தரும். ஆனால் சதை வளரப் புரதம் வேண்டும். இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். வெள்ளை அரிசியில் இவை குறைவு.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இருந்தது. இரத்தம் குறைந்தால் சோர்வு வரும். மூச்சு வாங்கும். பிள்ளைக்குப் படிப்பில் கவனம் நிற்காது. பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து வரலாம்.

இதற்கு விலை உயர்ந்த டானிக் பொடிதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். மளிகைக் கடையிலேயே பாதி வழி இருக்கிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் அதைக் காலம் காலமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

பிகாரின் 'சத்து'

பிகாரில் ஒரு மாவு உண்டு. அதன் பெயரே 'சத்து'. நம் சொல்லைப் போலவே ஒலிக்கிறது. ஆனால் அங்கே அது ஒரு மாவின் பெயர். கொண்டைக்கடலையை மணலில் வறுத்து, அரைத்து எடுத்த மாவு அது.

ரிக்‌ஷா இழுப்பவர், செங்கல் சுமப்பவர், வயலில் வேலை செய்பவர் எல்லோரும் இதை உண்பார்கள். அடுப்பு வேண்டாம். மாவில் தண்ணீர் விட வேண்டும். உப்பு, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், வறுத்த சீரகப்பொடி, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கலக்கினால் போதும். வெயில் காலத்தில் களைப்பைத் தீர்க்கும். நீர் குறைத்துப் பிசைந்தால் அதுவே உணவு. கோதுமை மாவு உருண்டைக்குள் சத்து மாவை வைத்துத் தணலில் சுட்டால் 'லிட்டி' என்ற பண்டம்.

100 கிராம் கடலை மாவில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் அரிசியில் 7 அல்லது 8 கிராம்தான். சத்து மாவு கிடைக்காத ஊரில் பொட்டுக்கடலையை அரைத்துக்கொள்ளலாம். கலக்குவதற்குக் கொதித்து ஆறிய தண்ணீரே நல்லது.

கர்நாடகத்தின் களி

மண்டியா, மைசூரு பக்கம் கேழ்வரகுக் களிதான் உழைப்பாளியின் உணவு. அதை 'முத்தே' என்பார்கள். உருண்டை பிடித்து, பருப்பும் கீரையும் சேர்ந்த சாற்றில் தோய்த்து விழுங்குவார்கள்.

100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் கேழ்வரகுக் கூழும் கொடுக்கலாம். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்தால் இன்னும் நல்லது. எளிதில் செரிக்கும். சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும்.

ராஜஸ்தானின் கம்பு

மேற்கு ராஜஸ்தானில் மழை குறைவு. அங்கே கம்பு விளைகிறது. குளிர்காலத்தில் கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்டினியும் அவர்கள் சாப்பாடு. வெள்ளை அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்து பல மடங்கு அதிகம். ஆனால் அரைத்த கம்பு மாவு சில நாளிலேயே கசக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும்.

இந்தத் தானியங்களை ஒரு காலத்தில் ஏழை உணவு என்று ஒதுக்கினார்கள். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதைக் கேட்டு முன்மொழிந்தது இந்தியா.

இந்தோரின் அவல்

மத்தியப் பிரதேசத்தின் இந்தோர் நகரில் காலை உணவு அவல்தான். அவலை நனைத்து, கடுகு, வெங்காயம், மிளகாய் தாளித்துக் கிளறுகிறார்கள். மேலே எலுமிச்சைச் சாறு பிழிகிறார்கள். வறுத்த நிலக்கடலையும் சேர்ப்பது உண்டு. கால் மணி நேரத்தில் சிற்றுண்டி தயார். விறகும் குறைவு, காஸும் குறைவு.

சேர்த்துச் சாப்பிடுவதில்தான் சூட்சுமம்

மேலே சொன்ன உணவுகளைத் திரும்பப் பாருங்கள். கோதுமையோடு கடலை மாவு. களியோடு பருப்பு. அவலோடு நிலக்கடலை. எங்கும் தானியமும் பருப்பும் ஜோடியாக வருகின்றன.

இதற்குக் காரணம் உண்டு. புரதம் பல சிறு பகுதிகள் சேர்ந்தது. தானியத்தில் ஒரு பகுதி குறைவு. அது பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவானது தானியத்தில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

எலுமிச்சைக்கும் காரணம் உண்டு. அதன் புளிப்பில் உள்ள வைட்டமின், தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். நெல்லிக்காய், கொய்யாவும் இதே வேலையைச் செய்யும். டீ இதற்கு நேர் எதிர். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம்

வறுவல் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கலாம். எண்களைப் படிக்கலாம் அல்லவா? விலை இருக்கும். எடை இருக்கும். தேதியும் இருக்கும்.

உதாரணமாக, 10 ரூபாய்க்கு 20 கிராம் வறுவல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவில் 20 கிராம் 50 முறை இருக்கிறது. 50-ஐப் பத்தால் பெருக்கினால் 500. அப்படியானால் அந்த வறுவல் கிலோ 500 ரூபாய்! உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்புக்கு இந்த விலை.

இப்போது கடைக்காரரிடம் ஒரு கிலோ பொட்டுக்கடலை என்ன விலை என்று கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 30 கிராம் பொட்டுக்கடலை ஒரு பெரிய பிடி. அதில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையிலும் அவ்வளவுதான். முட்டையின் புரதம் தரத்தில் உயர்ந்தது. கிடைக்கும்போது முட்டையும் கொடுக்க வேண்டும். கிடைக்காத நாளில் கடலை கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

நிலக்கடலை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கறுத்தது, சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது எதையும் தின்னக் கூடாது. தானியத்துக்கும் இதே விதிதான். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மக்கள் உண்டார்கள். கல்லீரல் கெட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பூசண நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. கடலையும் தானியமும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இல்லாத, மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

சிறு குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சு அடைக்கும். பொடித்துக் கூழில் கலந்து கொடுக்கலாம்.

நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய் நல்ல தின்பண்டம். ஆனால் வெல்லமும் இனிப்புதான். நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

இரத்தசோகை அதிகமாக இருந்தால் உணவு மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்து, இரும்புச்சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டும்.

இந்த வாரமே தொடங்கலாம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இந்த வாரம் கால் கிலோ பொட்டுக்கடலை வாங்கலாம். அடுத்த வாரம் அரைக் கிலோ கேழ்வரகு. பாக்கெட்டுக்குப் போகிற சில்லறையே இதற்கு உதவும்.

பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் ஒரு கை கடலை. அதே கடலை அம்மாவுக்கும் வேண்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தை உண்பவர் அவர்தான். இரத்தம் குறைந்து நிற்பவரும் பெரும்பாலும் அவர்தான். அவர் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் தானியமும் பருப்பும் சேர்ந்த உணவுகள் எவை?
2. ஒரு வாரத்தில் பாக்கெட் தின்பண்டத்துக்கு எவ்வளவு செலவாகிறது? எழுதிக் கூட்டிப் பாருங்கள்.
3. அந்தப் பணத்துக்கு எத்தனை கிராம் கடலை வாங்கலாம்?