நாகர்கோவிலில் பிறந்த எலைசா

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் மேற்சட்டையைக் 'குப்பாயம்' என்பார்கள். என் பாட்டியும் அப்படித்தான் சொல்வார். தொளதொளவென்று இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் ரேந்தை. அந்த ரேந்தை வந்த வழியைத் தேடிப் போனால், நம்மைப் போலவே கடல் கடந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் போய் நிற்கிறோம்.

இங்கிலாந்திலிருந்து மார்த்தா மால்ட் தம் கணவர் சார்லஸுடன் நாகர்கோவில் வந்து சேர்ந்த ஆண்டு 1819. இலண்டன் மிஷன் ஊழியம். மார்த்தாவும் மீட் பாதிரியாரின் மனைவி ஜோஹன்னாவும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பெண்ணைப் படிக்க அனுப்புவது யாரும் கேள்விப்படாத காரியம். சோறும் துணியும் கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு மார்த்தா ரேந்தை பின்னக் கற்றுக் கொடுத்தார். அது விலை போயிற்று. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855 வரை இருந்தது. ரேந்தைக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிய பெண்கள் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். இதை வாசித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

குப்பாயத்தின் கதை தனி. கிறிஸ்தவப் பெண்கள் மேல்சட்டை அணியலாம் என்று 1814-இல் அனுமதி கொடுத்த ரெசிடென்ட் கர்னல் மன்றோ ஒரு ஸ்காட்லாந்துக்காரர். உத்தரவு வந்ததே தவிர தெருவில் அடி நிற்கவில்லை. பள்ளிகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1859-இல் மகாராஜாவின் விளம்பரம் வந்த பிறகும் மேல்சாதியார் போல் தோள்சீலை போடக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

மார்த்தாவின் மகள் எலைசா 1822-இல் நாகர்கோவிலிலேயே பிறந்தார். தமிழ்ப் பிள்ளைகளோடு முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர். 1844-இல் அவரை மணந்தவர் ராபர்ட் கால்டுவெல். அயர்லாந்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர் அவர். கால்டுவெல் தமிழைப் படித்துக் கற்றார். எலைசாவுக்கு அது பேச்சோடு வந்தது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபோது திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அட்டையில் ஒரு பெயர்தான். வீட்டில் பேசிய தமிழுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இடையன்குடியில் எலைசா பெண்கள் பள்ளி நடத்தினார், தாயிடம் கற்ற ரேந்தையையும் அங்கே கொண்டு போனார். கால்டுவெல் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளை 1894-இல் அச்சேற்றியவர் அவர் மருமகன் வயாட், அவரும் இங்கேயே ஊழியம் செய்தவர். ஆக மூன்று தலைமுறை.

இனி எங்கள் கதை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நான் தண்டவாளப் பராமரிப்புப் பார்த்த பாதையில் பாறசாலைதான் கேரளத்தின் கடைசி ஸ்டேஷன். அடுத்தது குழித்துறை, அங்கே பெயர்ப்பலகையின் எழுத்தே மாறிவிடும். பாட்டி தமிழ் வேதாகமம் வாசிப்பார். ஊரில் என் அண்ணன் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரிந்தது மலையாளம். இங்கே என் பேத்தி, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். புரிகிறது, வாயில் வரவில்லை. எலைசாவுக்கு விளையாடத் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம், இடைவேளையில் அவர்கள் விளையாடுவது எந்த மொழியில் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பாறசாலை வழியாக ரயிலில் நாகர்கோவில் வந்து, அங்கிருந்து சாலை வழியாக இடையன்குடி போகலாம். கால்டுவெல் வாழ்ந்த வீடு 2011 முதல் அரசு நினைவில்லம். அவர் கட்டிய கோயிலிலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். எலைசா 1899 வரை இருந்தார்.