ஓடும் கணக்குக்கு நகல் எடுப்பது எப்படி?

ஒரு வங்கியின் பேரேட்டை நகல் எடுக்கும் வேலை உங்களுக்குத் தரப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வங்கியை மூட இயலாது. நீங்கள் எழுதும்போதே வரவு செலவும் நடந்துகொண்டிருக்கும்.

முதல் பக்கத்தில் முருகன் கணக்கில் 10,000 ரூபாய் இருக்கிறது. எழுதிக்கொள்கிறீர்கள். கடைசிப் பக்கத்தில் கண்ணன் கணக்கில் இருப்பது 5,000 ரூபாய். நீங்கள் நடுப்பக்கத்தில் இருக்கும்போது முருகன் கண்ணனுக்கு 2,000 ரூபாய் மாற்றிவிடுகிறார். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது அங்கே 7,000 ரூபாய் இருக்கிறது, அதையும் எழுதுகிறீர்கள். நகலின்படி இருவரிடமும் சேர்ந்து 17,000 ரூபாய்! உண்மையில் இருப்பதோ 15,000 ரூபாய்தான். ஒவ்வோர் எண்ணையும் பார்த்துத்தான் எழுதினீர்கள். ஆயினும் அவ்விரு எண்களும் ஒரே வேளையில் உண்மையாக இருந்ததில்லை.

கணிப்பொறியிலும் இதே சிக்கல் உண்டு. தரவுகளை இணையம் வழியே தொலைவிலுள்ள சேமிப்பு நிலையத்துக்கு அனுப்பிக் காப்பதைக் 'கிளவுட் பேக்கப்' என்கிறோம். பெருந்தரவை அனுப்பப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் தரவு மாறாமல் இருக்குமா?

இதற்குக் கண்ட வழியே 'ஸ்னாப்ஷாட்'. ஓடும் குதிரையை நிழற்படம் ஒரு நொடியில் நிறுத்திக் காட்டுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் அந்த நொடியில் தரவு முழுவதும் நகலெடுக்கப்படுவதில்லை. வட்டில் எந்தப் பகுதியில் எது இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே குறித்துக்கொள்ளப்படுகிறது. அதன்பின் ஒரு பகுதியை மாற்ற வேண்டுமானால், பழையதைத் தனியே எடுத்து வைத்த பிறகே புதியது எழுதப்படும். சில அமைப்புகள் பழையதைத் தொடாமல் புதியதை வேறிடத்தில் எழுதும். எவ்வழியாயினும் வங்கி வேலை நிற்பதில்லை. நகல் எடுப்பவர் அந்த நொடியின் பக்கங்களையே நிதானமாகப் படித்து அனுப்பலாம். 2008-இல் அமேசான் நிறுவனம் தன் கிளவுட் வட்டுகளுக்கு இவ்வசதியைத் தந்தது. முதல் முறைக்குப் பின், மாறிய பகுதிகள் மட்டுமே சேமிக்கப்படுவதால் இடமும் மிச்சம்.

எனினும் மூன்றை மறக்கலாகாது. ஒன்று, நினைவகத்தில் இருந்து இன்னும் வட்டில் எழுதப்படாதவை ஸ்னாப்ஷாட்டில் வாரா. ஆகவே அதற்கு முன் அவற்றை வட்டில் எழுதிவிட்டு, கணநேரம் எழுத்தை நிறுத்துமாறு தரவுத்தள மென்பொருளைப் பணிக்க வேண்டும். இரண்டு, தரவு பல வட்டுகளில் பரவியிருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கணத்தில் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும்; இல்லையேல் முருகன் கண்ணன் கதைதான். மூன்று, அதே வட்டில் இருக்கும் ஸ்னாப்ஷாட் காப்பு நகல் ஆகாது. வட்டு கெட்டால் இரண்டும் போகும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. கிளவுடில் இருப்பதாக நம்பியிருந்த காப்பு நகல்களைத் தேடினால், அங்கே ஒன்றுமே இல்லை! ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட மணி நேரங்களின் தரவு போனது போனதுதான்.

நகல் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. அவ்வப்போது அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்து, கணக்கு நேராகிறதா என்று சோதிப்பவரே நிம்மதியாக உறங்கலாம்.