பட்டா இல்லாதவரின் கடனை யார் தள்ளுபடி செய்வது?

திருச்சி மாவட்டம் என்றதும் காவிரியும் நெல்வயலும் நினைவுக்கு வருகின்றன. அதே மாவட்டத்தின் தென்பகுதியில், மணப்பாறைக்கு அப்பால் உள்ள மருங்காபுரி வட்டாரமோ மழையையும் குளத்தையும் கிணற்றையும் நம்பிய வறண்ட பூமி. இத்தகைய ஊர்களில் மழை பொய்த்தால் நிலமுள்ளவர் விளைச்சலை இழக்கிறார். நிலமற்ற தலித் கூலிக் குடும்பமோ வேலையை இழக்கிறது, அதனோடு உணவையும் இழக்கிறது.

ரேஷன் அரிசி இருக்கும்போது பசி ஏது என்று சிலர் கேட்கின்றனர். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பட்டினியைத் தடுக்கும் அரண் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் காய்கறி, முட்டை, பால், மருந்து ஆகிய அனைத்துக்கும் ரொக்கம் வேண்டும். கூலி இல்லாத வாரங்களில் அந்த ரொக்கம் கடனாக வருகிறது. மளிகைக் கடைப் பற்றை அடைக்கக் குழுக்கடன், குழுக்கடன் தவணைக்குத் தண்டல் என அது வளர்கிறது. தவணை நாள் நெருங்கும்போது முதலில் குறைவது பெண்களின் சோறே.

இந்தக் கடன் அரசின் கணக்கில் வேளாண் கடன் அன்று. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. பயிர்க்கடன் பெறுவதற்கோ நில ஆவணம் வேண்டும். வாய்மொழிக் குத்தகைதாரரும் கூலித் தொழிலாளரும் கடன் பெறும்போதே வெளியே நிறுத்தப்பட்டவர்கள். தள்ளுபடியிலும் அவர்கள் வெளியேதான் நின்றனர்.

ஆயினும் சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி நுண்கடன் தவணைகள் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்தாரரை அழைத்துத் தொல்லை தரலாகாது. முன்பணத்தைக் காட்டி உழைப்பைப் பிணைத்தால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

இவற்றைக் கேட்டுப் பெற மனுவும் சாட்சியும் துணிவும் தேவை. வேலை தருபவரே கடனும் தரும் ஊரில் அத்துணிவைத் தனியொரு குடும்பத்திடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே நாம் கூட்டாக மனு அளிக்க வேண்டும்; குத்தகைப் பதிவை வருவாய்த் துறையே ஊருக்கு வந்து செய்யக் கோர வேண்டும். கடன் நிவாரணம் பட்டாவைப் பார்த்து அன்று, அடுப்பைப் பார்த்து அளக்கப்பட வேண்டும்.