நடந்தே குடியேறியவர்கள்

வீடு மாற்றுவதென்றால் இக்காலத்தில் ஒரு லாரி போதும். காலையில் சாமான் ஏற்றினால் மாலையில் புது வீட்டில் பால் காய்ச்சிவிடலாம். வீடு மாற்றவே ஆறு மாதம் பிடித்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 'ஆரிகன் பாதை' என்று வரலாற்றுப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிடும் அப்பயணத்தை, அதில் நடந்த பெண்களின் பக்கம் நின்று நாம் சற்று பார்ப்போம்.

மிசௌரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் நகரிலிருந்து மேற்கே வில்லமெட் பள்ளத்தாக்குவரை ஏறத்தாழ 2,000 மைல். 1843-இல் சுமார் ஆயிரம் பேர் அவ்வழியே புறப்பட்டனர். அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. இழுத்தது நிலந்தான். 1850-இல் வந்த சட்டம், அங்கே குடியேறி உழுத தம்பதியருக்கு 640 ஏக்கர்வரை இலவசமாக அளித்தது. அதில் பாதி மனைவியின் சொந்தப் பெயரில்! மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை அரிதாயிருந்த அந்நாளில் இது சிறிய செய்தியன்று. ஆனால் அந்த நிலம் பழங்குடி மக்களுடையது என்பதையும், அவர்களோடு உடன்படிக்கை முடியுமுன்னரே அது பங்கிடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புறப்படும் நாளைப் புல்லும் பனியும் தீர்மானித்தன. ஏப்ரல், மே மாதங்களில் புல் முளைக்குமுன் கிளம்பினால் மாடுகளுக்குத் தீவனமில்லை. பிந்தினாலோ மலையில் பனி வழியை மறித்துவிடும்.

வண்டி பத்தடி நீளம், நாலடி அகலம். மேலே எண்ணெய் ஊட்டிய கித்தான் கூரை. ஏறத்தாழ ஒரு டன் சுமைதான் ஏற்றலாம். ஆளுக்குச் சுமார் 90 கிலோ மாவும், 70 கிலோ உப்பிட்ட பன்றி இறைச்சியும் கொண்டுபோகும்படி வழிகாட்டி நூல்கள் கூறின. உணவே வண்டியை நிறைத்துவிட, மனிதர்கள் கீழே நடந்தார்கள்! நமது வில்வண்டிக்குள்ள வில்கூட அதற்கில்லை. உள்ளே குலுங்குவதைவிட நடப்பதே மேல் என்று பலர் கருதினர். குதிரையைவிட எருதையே பெரும்பாலோர் விரும்பினர். விலை குறைவு, வலிமை அதிகம், வழிப்புல்லைத் தின்றே உழைக்கும். நாளொன்றுக்குப் பதினைந்து மைல் போனால் நல்ல நாள். வறண்ட காற்றில் மரச்சக்கரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடும் என்பதால், சக்கரங்களை ஆற்றுநீரில் ஊறவைப்பதும் உண்டு.

வீடு வண்டியில் ஏறிவிட்டது என்பதற்காக வீட்டு வேலை நிற்கவில்லை. நாளெல்லாம் நடந்த பெண்கள் மாலையில் அடுப்பு மூட்டினர். பிளாட் ஆற்றுச் சமவெளியில் மரம் அரிது. அங்கே காய்ந்து கிடந்த காட்டெருமைச் சாணமே விறகு. சிறுமியர் அதைப் பொறுக்கி வந்தனர். வரட்டி தட்டும் வீட்டுப் பெண்களுக்கு இதில் வியப்பிராது. காலையில் கறந்த பாலை வண்டியில் தொங்கவிட்டால், குலுங்கலிலேயே மாலைக்குள் வெண்ணெய் திரண்டுவிடுமாம். அந்தக் குலுங்கலால் விளைந்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

மாடுகள் தளரத் தளரச் சாமான்கள் இறங்கின. லாரமி கோட்டையை நெருங்கும் வழியெங்கும் இரும்பு அடுப்புகளும் அலமாரிகளும் பெட்டிகளும் கிடந்தன. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற வழக்கு எத்தனை குடும்பங்களில் நடந்திருக்கும்!

பழங்குடியினர் தாக்குவதையே திரைப்படங்கள் காட்டும். உண்மையோ வேறு. 1840 முதல் 1860 வரை, பாதைகளில் பழங்குடியினரால் இறந்த பயணிகள் 362 பேரென்றும், பயணிகளால் இறந்த பழங்குடியினர் 426 பேரென்றும் ஓர் ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோனவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆறு கடக்கையிலும் சக்கரத்தடியிலும் மாண்டவர்களும் உண்டு.

1844-இல் மிசௌரியிலிருந்து புறப்பட்ட சேகர் குடும்பத்தின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. (பெயர் நம்மூர்ப் பெயர்போல் ஒலித்தாலும் அவர்கள் அமெரிக்கர்கள்தாம்.) வழியிலேயே ஏழாவது குழந்தை பிறந்தது. ஒன்பது வயதுக் கேத்தரின், ஓடும் வண்டியிலிருந்து குதிக்கையில் உடை மாட்டிக்கொள்ள, சக்கரம் காலில் ஏறி எலும்பு முறிந்தது. தந்தை தம் கையாலேயே எலும்பைச் சேர்த்துக் கட்டினார். சில வாரங்களில் அவரே காய்ச்சலில் இறந்தார். ஒரு மாதத்துக்குள் தாயும் கண்மூடினாள். கைக்குழந்தை உட்பட ஏழு பிள்ளைகளையும் உடன்வந்தவர்களே கவனித்துக் கொண்டுபோய், மருத்துவரான மிஷனரி விட்மனிடமும் அவர் மனைவியிடமும் ஒப்படைத்தனர். அவர்கள் ஏழு பேரையும் ஏற்று வளர்த்தனர்.

புது வீடு மூன்று ஆண்டே நிலைத்தது. 1847-இல் பரவிய தட்டம்மை, அதற்கு முன் அந்நோயையே அறியாத கேயூஸ் மக்களைக் கொள்ளை கொண்டது. விட்மனின் மருந்தில் வெள்ளைக் குழந்தைகள் பிழைக்க, தம் குழந்தைகள் மட்டும் மடிவதைக் கண்டு அவர்கள் ஐயுற்றனர். குடியேறிகள் ஆண்டுதோறும் பெருகிவந்த அச்சமும் சேர்ந்துகொண்டது. நவம்பர் 29-ஆம் நாள் நடந்த தாக்குதலில் விட்மன் தம்பதியரும் சேகர் வீட்டு அண்ணன்மார் இருவரும் கொல்லப்பட்டனர். தங்கை ஒருத்தி அம்மையில் இறந்தாள். எஞ்சியவர்கள் நான்கு சகோதரிகள்.

கால் முறிந்த கேத்தரின் அவர்களில் மூத்தவள். வளர்ந்தபின் அப்பயணத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்தாள். பாதையில் சென்ற குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்று அறிய விரும்புவோர் இன்றும் அக்குறிப்பைப் படிக்கின்றனர்.